பத்தாவது படிக்கும் பெண் இன்ஸ்டா கேட்கிறாள், கொடுக்கலாமா?

ராணிப்பேட்டை வாசகர் கேட்டது, 2025 ஆகஸ்ட் 2

என் மகள் பத்தாவது. வகுப்பில் பாதிப் பேருக்கு இன்ஸ்டாகிராம் இருக்கிறதாம், தனக்கும் வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். எனக்கு சிப்காட்டில் தோல் கம்பெனியில் ஷிப்ட் வேலை, வீட்டில் இருக்கும் நேரமே குறைவு. மச்சான் 'பொட்டப் புள்ளைக்கு அது இன்னாத்துக்கு, மானம் போயிடும்' என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. போனே கொடுக்காவிட்டால் வம்பே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2, இரவு 10.40

அண்ணா, உங்கள் மகள் உங்களிடம் கேட்கிறாள். அதை முதலில் கவனியுங்கள். கேட்டுவிட்டு ஆரம்பிக்கும் பிள்ளைகள் ரொம்பக் குறைவு. அம்மா தூங்கின பிறகு அம்மா போனிலேயே ஆப்பை ஏற்றுவது, விடிவதற்குள் அழித்துவிடுவது, மறுநாள் ராத்திரி மறுபடி ஏற்றுவது. இதுதான் நான் பார்க்கிற வழக்கம்.

குடியாத்தத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் 14 வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், ஸ்கேன், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், பேனர் டிசைன் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடம், காலேஜ் பிள்ளைகள்தான் பாதி வாடிக்கை. என் மகள் இந்த வருஷம் காலேஜில் சேர்ந்திருக்கிறாள்.

கொடுக்காவிட்டால் வம்பில்லை என்கிறீர்கள். கொடுக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு நடந்ததைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். சிநேகிதி போனில் கணக்கு ஆரம்பிப்பார்கள், பாஸ்வேர்டு சிநேகிதிக்குத்தான் தெரியும். இருவருக்கும் சண்டை வந்தால் அந்தக் கணக்கும் அதில் உள்ள போட்டோவும் யார் கையில்? இதை வீட்டில் சொல்லவும் வழியில்லை, கணக்கு இருப்பதே வீட்டுக்குத் தெரியாதே. கொடுங்கள் என்பதுதான் என் பதில். எப்படிக் கொடுப்பது என்று நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3, காலை 9.15

ஆடிப்பெருக்கு, மதியம்தான் கடை. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

பிறந்த வருஷத்தை உண்மையாகப் போடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். 18 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் தனியாக 'டீன் அக்கவுண்ட்' என்று ஒன்று, இந்தியாவுக்கு இந்த வருஷம் பிப்ரவரியில் வந்தது. கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும். தொடர்பில் இல்லாத ஆள் மெசேஜ் அனுப்ப முடியாது. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 7 வரை நோட்டிபிகேஷன் சத்தம் போடாது. 16 வயசு ஆகவில்லை என்றால் இவற்றைத் தளர்த்துவதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிறந்த வருஷம் 2000 என்று போட்டால் இதில் ஒன்றும் கிடையாது. உங்கள் மகளை 25 வயசுப் பெண் என்றே அது நடத்தும்.

இதைச் சொல்கிற கடமை எனக்கு இருக்கிறது. 2013, 2014-ல் கடையில் பேஸ்புக் கணக்கு திறந்து கொடுக்க 20 ரூபாய் வாங்கினேன். ஏழாவது படிக்கிற பையன்கள் யூனிபார்மோடு வந்து நிற்பார்கள். 13 வயசு ஆகாவிட்டால் பேஸ்புக் ஏற்காது. 'வருஷத்த மட்டும் மாத்திடுக்கா' என்பார்கள். எல்லாருக்கும் 1995 என்று போட்டேன். மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று அவரவர் செல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்து, அத்தனையையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி மேஜை டிராயரில் வைத்திருந்தேன். பூட்டு கிடையாது. உதவி செய்கிறோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அந்த நோட்டை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஆகஸ்ட் 3, இரவு 11.05

ஆம்பூர் தம்பி கேட்டது: 'அக்கா, பயமுறுத்திக்கிட்டே போறீங்க, நல்லது ஒண்ணியும் இல்லையா?'

நிறைய இருக்கிறது தம்பி. போன வருஷம் ஒரு சாயங்காலம் காது கேளாத இரண்டு பெண்கள் மார்க்ஷீட் நகல் எடுக்க வந்தார்கள். மிஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது, கொஞ்சம் நேரம் ஆகும் என்று கையைக் காட்டினேன். போனை என் ஸ்டேப்ளர் டப்பாமேல் சாய்த்து வைத்து வீடியோ கால் போட்டார்கள். அந்தப் பக்கம் திருவண்ணாமலையில் ஒரு பெண். மூன்று பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள், அப்படி ஒரு வேகம், அப்படி ஒரு சிரிப்பு. கடையில் நின்றவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டோம். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நாங்கள்தான் கத்திக்கத்திப் பேசுகிறோம், அவர்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் இன்ஸ்டாவில்தான் கண்டுபிடித்தார்களாம். ஊருக்கு ஒருத்தியாக இருந்தவர்கள் இப்படி ஒரு கூட்டமாகச் சேர்ந்திருக்கிறார்கள். இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

இலவம்பாடிப் பக்கம் ஒரு பையன். பாலிடெக்னிக் முடித்தவன், அப்பா முள்ளு கத்தரிக்காய் போடுகிறார். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தச் சான்றிதழ் நகலை என் கடையில்தான் லேமினேட் பண்ணினான். தோட்டத்தில் காய் பறிக்கும்போது சின்னச் சின்ன வீடியோ எடுத்துப் போடுவான். வேலூரில் கல்யாண சமையல்காரர்கள் நேராக அவனுக்கே போன் பண்ணுகிறார்கள். அவன் வீடியோவில் முகமே இருக்காது, கையும் காயும்தான். அதை ஏன் சொல்கிறேன் என்றால், முகத்தைக் காட்டாமலும் சம்பாதிக்கலாம் என்று அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்துக்காரர் ஊர்களில் அப்பா லடாக்கில் இருப்பார், குழந்தை இங்கே நடக்க ஆரம்பிக்கும். வீடியோ கால் இல்லாத காலத்தில் அந்த அப்பாக்களுக்கு என்ன இருந்தது? ஆனால் அதே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அப்பா யூனிபார்மோடு நிற்கிற போட்டோவை, யூனிட் பெயர் தெரிகிற மாதிரி போடாதீர்கள். 2020 ஜூலையில் ராணுவமே தன் ஆட்களிடம் 89 ஆப்களை அழிக்கச் சொன்னது. பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அதில் அடக்கம். அப்பா அழித்ததை மகன் ஸ்டேட்டஸில் போட்டால் என்ன பிரயோஜனம்?

ஆகஸ்ட் 4, மதியம் 2.20

ரத்தம் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேலூர் ஆஸ்பத்திரி ஊர். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் எத்தனை பேர். நெகட்டிவ் குரூப் ரத்தம் கேட்டு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போனால், இங்கே காலேஜ் பையன்கள் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் அந்த மெசேஜ் சாவதில்லை. என் கொழுந்தனார் மகள் அவள் அப்பாவின் ஆபரேஷனுக்காகத் தன் நம்பரைப் போட்டு ஒரு மெசேஜ் அனுப்பினாள். அன்றைக்கே ரத்தம் கிடைத்துவிட்டது. அதன் பிறகு இரண்டு வருஷம் அது சுற்றியது. தேதி போடவில்லை. அர்த்த ராத்திரியில் போன் வரும். பாதிப் பேர் நிஜமாக உதவ வந்தவர்கள், மீதிப் பேருக்கு ஒரு பெண்ணின் நம்பர் கிடைத்த சந்தோஷம். கடைசியில் சிம்மையே மாற்றினாள். ரத்தம் கேட்டு மெசேஜ் போடுங்கள், தவறாமல் போடுங்கள். ஆனால் தேதி எழுதுங்கள், பெரியவர் ஒருவரின் நம்பரைப் போடுங்கள், கிடைத்ததும் 'கிடைத்துவிட்டது' என்று அதே குழுக்களில் எழுதுங்கள்.

ஆகஸ்ட் 6, இரவு 10.50

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

ஜெராக்ஸ் கடையில் இப்போது யாரும் பென்டிரைவ் கொண்டுவருவதில்லை. சுவரில் கடை நம்பர் ஒட்டியிருக்கும். 'இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பும்மா' என்போம். ஆதார், டிசி, சாதிச் சான்றிதழ், பாங்க் பாஸ்புக், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அதில்தான் வரும். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்தே இருக்கும். பிரிண்ட் கொடுத்ததும் அவர்கள் போய்விடுவார்கள், பைல் மட்டும் டவுன்லோட் போல்டரில் தங்கிவிடும்.

2023-ல் ஒரு நாள் ஏதோ விண்ணப்பத்தைத் தேடி அந்தப் போல்டரைத் திறந்தேன். நாலாயிரத்துக்கு மேல் இருந்தது. ஒரே பெண்ணின் ஆதார், மார்க்ஷீட், வீட்டு முகவரி, அப்பா சம்பளச் சான்றிதழ், கையெழுத்து, போட்டோ எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். அவள் பெயரில் என்ன வேண்டுமானாலும் செய்துவிடலாம், அவ்வளவு விவரம்.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் அது நடந்தது. கடையில் உதவிக்கு ஒரு பையன் இருந்தான். பிரிண்ட் அனுப்பிய ஒரு காலேஜ் பெண்ணின் நம்பரை எடுத்து, தன் போனிலிருந்து 'ஹாய்' அனுப்பியிருக்கிறான். அவள் பதில் சொல்லவில்லை. அவள் டிபியைச் சேமித்து, 'நீலப் புடவையில சூப்பரா கீற' என்று மறுபடி அனுப்பியிருக்கிறான். அவள் என்னிடம் வந்து போனை நீட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கை நடுங்கியது. அவனை அன்றைக்கே நிறுத்தினேன். மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. 'அவள இனிமே கடைக்கே அனுப்பமாட்டேன், போனையும் வாங்கி வெச்சிட்டேன்' என்றார். தப்புப் பண்ணியது என் கடை, தண்டனை அந்தப் பெண்ணுக்கு. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

இப்போது செய்வது: ஒவ்வொரு பைலையும் வாடிக்கையாளர் கண்முன்னே அழிக்கிறோம். கடை வாட்ஸ்அப்பில் 24 மணி நேரத்தில் மெசேஜ் மறைகிற மாதிரி வைத்திருக்கிறேன். டவுன்லோட் ஆன பைல் அதில் மறையாது, அதைத் தனியாக அழிக்க வேண்டும். மெயிலில் அனுப்பினால் நல்லது, நம்பர் எங்களுக்குத் தெரியாது.

உங்கள் மகளுக்கு: வாட்ஸ்அப் செட்டிங்கில் பிரைவசிக்குப் போய் புரொபைல் போட்டோவை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றச் சொல்லுங்கள். அதே இடத்தில், யார் அவளைக் குழுவில் சேர்க்கலாம் என்று ஒன்று இருக்கும், அதையும். டியூஷன் குழுவில் 200 பேர் என்றால் 200 பேருக்கும் அவள் நம்பர் தெரியும். ஆதார் கேட்கிற இடத்தில் முதல் எட்டு எண் மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' போதுமா என்று கேட்கச் சொல்லுங்கள். ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 7, காலை 6.30

ராணிப்பேட்டை அண்ணா கேட்கிறார்: 'அப்ப ஆபத்து இன்ஸ்டாவுல இல்ல, ஜெராக்ஸ் கடையிலதான்றியா தங்கச்சி?'

நேற்று எழுதியதை அப்படி எடுத்துக்கொள்ள இடம் கொடுத்துவிட்டேன். இரண்டிலும் இருக்கிறது அண்ணா. ஆனால் பிள்ளைகளின் அந்தரங்கத்தை முதலில் வெளியே வைப்பது முகம் தெரியாத ஆள் இல்லை. நான், நீங்கள், அத்தை, மாமா, டியூஷன் சார். முகம் தெரியாத ஆள் அதற்குப் பிறகுதான் வருகிறான்.

மே மாதம் ரிசல்ட் வந்ததும் ஒரு வாரம் ஸ்டேட்டஸ் பாருங்கள். மார்க் பட்டியலை அப்படியே போட்டோ எடுத்துப் போடுகிறோம். பதிவு எண்ணும் பிறந்த தேதியும் பளிச்சென்று தெரியும். ரிசல்ட் தளம் கேட்பதே அந்த இரண்டும்தான். நல்ல மார்க் என்றால் ஊருக்குக் காட்டுகிறோம், குறைந்த மார்க் என்றால் குடும்பக் குழுவில் போட்டு 'பாருங்க இவன் லட்சணத்த' என்கிறோம். எது போட்டாலும் பிள்ளையைக் கேட்பதில்லை.

என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இதைச் சொல்லக்கூடாது. 2019-ல் என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. பெரிய மண்டபம், தாய்மாமன் சீர் 51 தட்டு. ஆசை ஆசையாகச் செய்தோம். நானே டிசைன் பண்ணி அவள் முகத்தோடு பத்தடி பேனர் வைத்தேன், தெரு முனையில். போட்டோகிராபர் கொடுத்த 84 படத்தையும் பேஸ்புக்கில் ஆல்பமாகப் போட்டேன். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, பப்ளிக். மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்று முந்நூறு பேர் வாழ்த்தினார்கள். எனக்குக் கண் நிறைந்துபோனது.

நாலு வருஷம் கழித்து, அவள் பதினொன்றாவது படிக்கும்போது, வகுப்பில் எவனோ அந்த ஆல்பத்தைத் தேடி எடுத்து, ஒரு படத்தைப் பையன்கள் குழுவில் போட்டிருக்கிறான். கீழே என்ன எழுதினான் என்று அவள் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்திருந்தாள். நான் போய் அந்தப் பையனைத் திட்டினேன், அவன் அம்மாவைத் திட்டினேன், பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று குதித்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள்: 'நீ போட்டப்ப என்னைக் கேட்டியாம்மா?'

எனக்குப் பதில் இல்லை. அந்த ராத்திரியே இருவரும் உட்கார்ந்து 84 படத்தையும் அழித்தோம். ஒவ்வொன்றாகத் திறந்து, அவள் பார்த்து, 'இது இருக்கட்டும், ஆயா இருக்காங்க' என்று இரண்டை மட்டும் போனில் வைத்துக்கொண்டாள். உறவுக்காரர்கள் தங்கள் பக்கத்தில் பகிர்ந்தது, இறக்கி வைத்தது எல்லாம் எங்கே இருக்கிறதோ, அது எங்கள் கையில் இல்லை.

விழா கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் என் மகளுக்குச் செய்த மாதிரி யாருக்கும் செய்ததில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீட்டுக்குள் உறவுக்குச் சொன்ன சேதியை உலகத்துக்குச் சொல்லிவிட்டேன். அவள் உடம்பு பற்றிய சேதி அது. அவளுக்கு அப்போது 12 வயசு.

ஆகஸ்ட் 10, மதியம் 3.00

'நம்ம ஊர்ல அந்தரங்கம்லாம் ஏதும்மா, ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்குறோம்' என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, நானும் அப்படி வளர்ந்தவள்தான். அந்த ஆறு பேருக்கு நடுவிலும் அக்காவின் டிரங்குப் பெட்டியை யாரும் திறக்கமாட்டோம். நமக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை.

ஆகஸ்ட் 23, இரவு 11.30

இதை விடுபடாமல் எழுத வேண்டும் என்று கடை மூடியதும் உட்கார்ந்திருக்கிறேன்.

சில மாதத்துக்கு முன்பு ஒரு பையன் வந்தான், பன்னிரண்டாவது. 'அக்கா, கையில காசு தரேன், இந்த நம்பருக்கு ஜிபேல போட்டு வுடுறீங்களா?' என்றான். கசங்கின நோட்டுகள், பத்தும் இருபதுமாக. எத்தனை என்றேன். ஐயாயிரம் என்றான். எண்ணினால் 1,340 இருந்தது. அவன் அதை எண்ணவே இல்லை.

கடைக்குப் பின்னால் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். சொன்னான். இன்ஸ்டாவில் ஒரு பெண் பெயரில் வேண்டுகோள் வந்திருக்கிறது. ஏற்றுக்கொண்டான். இரண்டு நாள் பேச்சு, மூன்றாம் நாள் வீடியோ கால். அந்தப் பக்கம் ஓடியது ஏற்கெனவே எடுத்து வைத்த படம், இந்தப் பக்கம் இவன் முகமும் உடம்பும் பதிவாகிவிட்டது. ஐந்தாவது நிமிஷம் மிரட்டல். வேண்டுகோளை ஏற்றதும் அவர்கள் முதலில் செய்தது இவனுடைய பாலோயர் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்ததுதான். சித்தி பெயர், மாமா மகள் பெயர், கெமிஸ்ட்ரி சார் பெயர் எல்லாம் வரிசையாகக் காட்டி 'இவங்களுக்கு அனுப்பட்டுமா' என்று கேட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே 1,500 கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் 5,000 ஆனது.

'அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு, நான் ஏரியில போய் வுழுந்துடுறேன்' என்றான். பயத்தில் சொல்கிற சொல் என்று அதை நான் விடவில்லை. அவனைத் தனியாக அனுப்பவில்லை. அவன் அப்பா லாரி டிரைவர், நல்ல வேளை அன்று ஊரில் இருந்தார். வரச்சொல்லி நானே விஷயத்தைச் சொன்னேன். கை ஓங்கினார். 'அடிக்கிறதா இருந்தா அடுத்த மாசம் அடிங்கண்ணா, இன்னைக்கு பக்கத்துல உக்காருங்க' என்றேன். உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மகன் முதுகில் கை வைத்தார். அதற்கு அப்புறம்தான் அந்தப் பையன் அழுதான்.

செய்தது இது. மேற்கொண்டு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. பேச்சை அழிக்காமல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம்: அந்தக் கணக்கின் பெயர், லிங்க், பணம் போன யூபிஐ ஐடி, பரிவர்த்தனை எண். பிறகுதான் பிளாக். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்தோம். மத்திய அரசின் சைபர்கிரைம் தளத்தில் புகார் பதிந்தோம். குழந்தைகள் உதவிக்கு 1098 இருக்கிறது, அந்த எண்ணை அவன் போனிலேயே சேமித்துக் கொடுத்தேன். படம் பரவாமல் தடுக்க ஸ்டாப் என்சிஐஐ என்கிற தளமும் உண்டு. இப்படிப்பட்ட படம் பற்றிப் புகார் வந்தால் கெடு நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகள் சொல்கின்றன, அதனால் இன்ஸ்டாவுக்குள்ளேயும் புகார் கொடுங்கள்.

இரண்டு உறவினர்களுக்கு வீடியோ போய்விட்டது. அப்பா முன்னாடியே போன் பண்ணிச் சொல்லி வைத்திருந்தார், அவர்கள் திறக்காமல் அழித்துவிட்டார்கள். அதோடு நின்றது. அவன் பரீட்சை எழுதினான், இப்போது வேலூரில் பி.காம். கடைப் பக்கம் வந்தால் சிரிப்பான்.

அண்ணா, உங்கள் மகளிடம் இன்ஸ்டா கொடுக்கும் அன்றைக்கே ஒன்று சொல்லுங்கள். 'எது நடந்தாலும் என்கிட்ட வா, அடிக்கமாட்டேன், போனைப் பிடுங்கமாட்டேன்.' சொல்லிவிட்டு அதன்படி நடக்க வேண்டும். மிரட்டுகிறவன் பிழைப்பதே பிள்ளை வீட்டில் சொல்லாது என்கிற ஒரே நம்பிக்கையில்தான்.

ஆகஸ்ட் 24, காலை 7.10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம், முக்கியமானது. ஸ்டாப் என்சிஐஐ 18 வயசு ஆனவர்களுக்கு. 18-க்குக் கீழே எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்', அமெரிக்காவில் காணாமல்போன குழந்தைகளுக்கான மையம் நடத்துவது, 2023-லிருந்து இருக்கிறது. அந்தப் பையனுக்கு 17, ஆகவே அதுதான். இரண்டிலும் படத்தை அனுப்பத் தேவையில்லை. போனிலேயே படத்துக்கு ரேகை மாதிரி ஒரு எண் உருவாகும், அந்த எண் மட்டும்தான் போகும். சேர்ந்திருக்கிற தளங்கள் அதை வைத்துத் தடுக்கும். வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்புவதை இது தடுக்காது.

இன்னொன்று. 18-க்குக் கீழே உள்ள பிள்ளையின் அப்படிப்பட்ட படத்தை 'பாருங்க இந்த அநியாயத்த' என்று நல்லெண்ணத்தில் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். ஐடி சட்டம் 67பி-யில் அனுப்புவதும் குற்றம்.

அக்டோபர் 1, மாலை 6.00

ஆயுத பூஜை. மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து, கம்ப்யூட்டர் டவுன்லோட் போல்டரை அடியோடு துடைத்தேன். ஒவ்வொரு பைலையும் அழிக்கிறோம் என்று ஆகஸ்டில் எழுதியிருந்தேன் இல்லையா, இன்றைக்குப் பார்த்தால் 212 பைல் தங்கியிருந்தது. கூட்ட நேரத்தில் விட்டது. எழுதினது பொய்யாகிவிடக் கூடாது என்று சொல்கிறேன்.

எல்லாரும் வாட்ஸ்அப்பை விட்டு 'அரட்டை' என்கிற மெசேஜ் ஆப்புக்கு மாறுகிறார்கள், பிள்ளைகளுக்கு அது பத்திரமா என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டுக் கம்பெனி, பெயரும் நம் பெயர், எனக்கும் சந்தோஷம். ஆனால் 2025 அக்டோபர் 1, இன்றைய தேதிக்கு அதில் அழைப்புகளுக்குத்தான் நடுவில் யாரும், கம்பெனிகூட, கேட்க முடியாத முழுப் பூட்டு, எழுதி அனுப்புகிற மெசேஜுக்கு இன்னும் வரவில்லை. வந்த பிறகு சொந்த விஷயம் பேசலாம்.

நவம்பர் 16, இரவு 10.15

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்தது. அதன் விதிகளை இந்த வாரம்தான் வெளியிட்டிருக்கிறார்கள். முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாதம் அவகாசம். 18 வயசுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள், அவர்கள் தரவைத் தொட பெற்றோரின் சரிபார்த்த சம்மதம் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கவனிப்பதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி வரை அபராதம். விளம்பரத் தடை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பரு, கறுப்பு, குண்டு என்று பதினைந்து வயசுப் பெண்ணைத் துரத்துகிற விளம்பரங்கள் ஒழியட்டும்.

சம்மதம் விஷயத்தில்தான் மனசு இரண்டாக நிற்கிறது. ஆகஸ்டில் கேட்டிருந்தால் நல்லதுதான் என்றிருப்பேன். ஸ்டேப்ளர் டப்பாமேல் போனைச் சாய்த்த அந்தப் பெண்களில் ஒருத்தியின் வீட்டில் இன்ஸ்டா என்றாலே ஆகாது, அக்காதான் ரகசியமாகத் திறந்து கொடுத்தது. இந்தச் சட்டப்படி அவளுக்கு அந்தக் கூட்டம் கிடைத்திருக்காது. எல்லாப் பெற்றோரும் பிள்ளையின் பக்கம் நிற்பவர்கள் என்று எழுதிவைத்த மாதிரி இருக்கிறது.

முழுச் சட்டத்தையும் கடைப் பையனை விட்டு பிரிண்ட் எடுக்கச் சொல்லிப் படித்தேன். ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்குப் பயன்படுத்துகிற தரவுக்கு இந்தச் சட்டம் செல்லாது. அதாவது கடை வைத்திருக்கிற என்னைக் கட்டுப்படுத்தும். ஸ்டேட்டஸ் போடுகிற அம்மாவான என்னைக் கட்டுப்படுத்தாது. அந்த 84 படத்துக்கு எந்தச் சட்டமும் வந்து என்னைக் கேட்காது. மகள்தான் கேட்டாள்.

டிசம்பர் 11, இரவு 9.40

ஆஸ்திரேலியாவில் நேற்றிலிருந்து 16 வயசுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டா மாதிரி தளங்களில் கணக்கு வைக்க முடியாது. மீறினால் கம்பெனிக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை கிடையாது. குற்றத்தைக் கம்பெனி தலையில் வைத்தது சரி. ஆம்பூர் தம்பி 'இங்கயும் வரணும்க்கா' என்கிறான். எனக்கு இன்னும் தெளிவில்லை தம்பி. 1995 போட்டுக் கொடுக்க 20 ரூபாய்க்கு ஒரு கடை எங்கேயாவது முளைக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

2026 ஜனவரி 18, மதியம் 1.30

ராணிப்பேட்டை அண்ணா போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து கணக்குத் திறந்ததாக எழுதியிருக்கிறார். சரியான பிறந்த தேதி, பிரைவேட், பள்ளிக்கூடம் பெயர் போடவில்லை. மச்சான் இன்னும் பேசவில்லையாம். பேசுவார் அண்ணா, நேரமாகும். மகள் பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டாளாம்: அப்பா தன் போட்டோவை கம்பெனிக் குழுவில் போடும் முன் கேட்க வேண்டும். சம்மதித்துவிட்டார்.

தை பிறந்துவிட்டது, பேனர் வேலை வரிசையாக வருகிறது. இன்று காலை பரதராமி பக்கத்திலிருந்து ஒரு ஆயா வந்தார். பேத்திக்கு அடுத்த வாரம் சடங்கு. மடித்த சேலை முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்து போட்டோவைக் காட்டினார். பாவாடை தாவணியில் ஒரு பெண், கண்ணில் வெயில் பட்டுச் சுருங்கியிருக்கிறது.

'பேத்தியைக் கேட்டீங்களா ஆயா?'

'அதை இன்னாத்துக்கு கேக்கணும்?'

ஒரு தடவை போன் போடுங்களேன் என்றேன். போட்டார், ஸ்பீக்கரில். நானே விவரத்தைச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சின்னக் குரலில், 'பேரு போடுங்கக்கா, மூஞ்சி வேணாம்' என்றது.

'மூஞ்சி இல்லாம இன்னா பேனரு, எவன் வந்து பாப்பான்?' என்று ஆயா சண்டைக்கு வந்தார். மாவிலைத் தோரணம், குத்துவிளக்கு, நடுவில் பெரிய எழுத்தில் பேர் என்று டிசைன் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். 'தாத்தா பேரையும் சேத்துடு' என்றார். நாலுக்கு மூன்று அடி. நாளைக்கு மதியம் வேலூரிலிருந்து பிரிண்ட் வந்துவிடும்.